அக்காவின் ரிப்போர்ட்டில் ஒரு வரி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் காது குத்தியதைப் படித்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? உடனே பதில் எழுத முடியாமல் போனது அக்காவால். மார்ச்சில் தலைவலி என்றாள். அப்புறம் பேச்சில் வார்த்தைகள் தடுமாறின. ஸ்கேனில் மூளையில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து, பயாப்ஸியில் கிளியோபிளாஸ்டோமா என்று வந்தது, வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய். நீயும் நானும் பாடத்தில் மட்டுமே பார்த்த பெயர்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு ரிப்போர்ட். 'எம்.ஜி.எம்.டி. புரொமோட்டர் மெத்திலேஷன்: இல்லை' என்று ஒரு வரி. அத்தான் அதை என்னிடம் நீட்டி, "இல்லைன்னா நல்லதுதானே?" என்றார். கேன்சர் ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வந்தால் யாருக்கும் அப்படித்தானே தோன்றும்? எனக்கு வாய் எழவில்லை.

நான் மெத்திலேஷன் பாடம் எடுத்த விதம் உனக்கு நினைவிருக்கும். 'க' மேல் ஒரு புள்ளி வைத்தால் 'க்'. எழுத்து அதேதான், உள்ளே இருந்த அகரம் மட்டும் அடங்கிவிடும். டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதித் துணுக்கு ஒட்டுவதும் அப்படித்தான். ஜீனின் முகப்பில், அதாவது புரொமோட்டரில், அந்தப் புள்ளிகள் கூட்டமாக விழுந்தால் ஜீன் பேசாமல் ஆகிவிடும்.

எம்.ஜி.எம்.டி. ஜீன் பேசுகிறவரை ஒரு பழுது பார்க்கும் புரதம் உருவாகிக்கொண்டே இருக்கும். அக்காவுக்குத் தரும் டெமோசோலமைட் மாத்திரை, கட்டி செல்களின் டி.என்.ஏ.வில் குவானின் என்ற எழுத்தின் மேல் ஒரு மெத்திலை ஒட்டிக் காயப்படுத்துகிறது. அந்தப் புரதம் ஓடிவந்து மெத்திலைத் தன்மேல் வாங்கிக்கொண்டு தானும் செயலிழந்துவிடுகிறது. ஒரு காயத்துக்கு ஒரு மூலக்கூறு என்று கணக்கு. அழகான வேதியியல், நானே எத்தனை முறை ரசித்துச் சொல்லியிருக்கிறேன்! ஆனால் மாத்திரை ஜெயிக்க வேண்டுமானால் அந்த ஜீன் அடங்கியிருக்க வேண்டும். அக்காவின் கட்டியில் அது அடங்கவில்லை.

2005-ல் சுவிட்சர்லாந்தின் லொசானில் மோனிகா ஹெகி குழு 206 நோயாளிகளின் கட்டிகளைப் பார்த்து வெளியிட்டது உனக்கும் தெரியும். 100-க்கு 45 பேருக்குப் புள்ளி இருந்தது. அவர்களில் கதிர்வீச்சோடு மாத்திரையும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 21.7 மாதத்தைத் தாண்டினார்கள்; கதிர்வீச்சை மட்டும் வைத்துத் தொடங்கியவர்களுக்கு அது 15.3 மாதம். புள்ளி இல்லாதவர்களுக்கோ அதே வரிசையில் 12.7 மாதம், 11.8 மாதம். வித்தியாசம் ஒரு மாதம்கூட இல்லை. கரும்பலகையில் எழுதியபோது இவை எனக்கு வெறும் எண்கள். அன்றிரவு தூங்கவே இல்லை.

பாதிப் பேர் தாண்டினார்கள் என்றால் அந்தப் பாதிப் பேர் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதை அந்த எண் சொல்வதில்லை. இதை எனக்கே நான் பாடமாக நடத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மேலும், அந்தச் சோதனை சில இடங்களை மட்டும் பார்க்கிறது; எத்தனை சதவீதத்தில் கோடு போடுவது என்பதும் லேபுக்கு லேப் மாறுகிறது.

அத்தானின் தம்பி போனில் தேடிப் பார்த்துவிட்டு, அந்த வரியை ஜாதகம் வாசிப்பதுபோல் குடும்பம் முழுவதற்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். எனக்குப் பெரிய வருத்தம் அதில்தான். கட்டிக்குப் பழுது பார்க்கும் திறன் இருக்கிறது என்று சொல்லும் வரி, அக்காவின் நாட்களை எண்ணிச் சொல்வதாக ஆகிவிட்டது. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் இது நடந்திருக்காது.

அக்காவிடம் மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவளே ஃபைலைப் பிரித்துப் படித்துவிட்டாள். "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நடத்தினாயே, எனக்கும் நடத்து" என்றாள். பழைய நோட்டில் 'க' எழுதி, புள்ளி வைத்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்ப அந்த மாத்திரை எனக்கு வேண்டாமா?" என்றாள். அதையே டாக்டரிடமும் கேட்டாள். எழுபதைத் தாண்டி உடல் தளர்ந்தவர்களுக்கு மாத்திரையா கதிர்வீச்சா என்று முடிவெடுக்க இந்த வரி உதவும், உங்கள் வயதுக்கு இரண்டையும் சேர்த்துத் தருவதுதான் வழக்கம், பலன் குறைவாக இருக்கலாம் என்று அவர் மறைக்காமல் சொன்னார். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் கிசுகிசுவென்று பேசுவதில்லை.

மொத்தம் 30 நாள் கதிர்வீச்சு, 18 முடிந்திருக்கிறது. ஒரு பக்கம் முடி கொட்டிவிட்டது. மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போடுகிறாள், இருந்தும் குமட்டல் இருக்கிறது. நேற்று உன்னை விசாரித்தாள், உன் அம்மா போடும் நார்த்தங்காய் ஊறுகாய் இன்னும் நாக்கில் நிற்கிறதாம். வரும்போது ஒரு சின்ன பாட்டிலில் கொண்டு வா. சனிக்கிழமை கதிர்வீச்சு கிடையாது, அன்றைக்கு வந்தால் அவளோடு நிறைய நேரம் பேசலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி