படிக்க விடாம வச்சுட்டு சர்டிபிகேட் கேக்கறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, திறமை இருந்தா வேலை தானா தேடி வரும், பாரபட்சம்னு சொல்றதெல்லாம் வேலை கிடைக்காதவங்க சொல்ற சாக்குன்னு. மூஞ்சிக்கு நேரா "நீ வேணாம்"னு சொல்றவங்க இப்ப கம்மிதான், ஒத்துக்கறேன். ஆனா அவர் சொல்ற திறமையை அளக்க வச்சிருக்கற அளவுகோலை யாரு எதுக்கு வச்சாங்கன்னு அவர் கேக்கவே இல்ல, என் சண்டையே அங்கதான்.

அமெரிக்காவுல நார்த் கரோலினா மாநிலத்துல ட்யூக் பவர்னு ஒரு மின்சாரக் கம்பெனி. அங்க ஒரு மின் நிலையத்துல கறுப்பின மக்களை லேபர் பிரிவுல மட்டும்தான் வச்சிருந்தாங்க, அந்தப் பிரிவோட உச்ச சம்பளமே மத்த பிரிவுகளோட அடிமட்ட சம்பளத்தை விட கம்மி. இனம் பாத்து ஒதுக்கக் கூடாதுன்னு 1964ல சட்டம் வருது, வேலை சம்பந்தப்பட்ட பகுதி 1965 ஜூலை 2ம் தேதி அமலுக்கு வருது. அதே தேதியில, நல்லா கவனிங்க அதே தேதியில, நல்ல பிரிவுகளுக்குப் புதுசா வர்றவங்க ஹைஸ்கூல் சர்டிபிகேட் மட்டும் வச்சிருந்தா போதாது ரெண்டு எழுத்துத் தேர்வும் பாஸ் பண்ணணும்னு கம்பெனி விதி போடுது. விதியில நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது, எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா 1960 கணக்கெடுப்புப்படி அந்த மாநிலத்துல ஹைஸ்கூல் முடிச்ச வெள்ளைக்கார ஆம்பளைங்க 34 சதவீதம், கறுப்பின ஆம்பளைங்க 12 சதவீதம். மட்டமான தனிப் பள்ளிக்கூடத்துல ஒதுக்கி வச்சது யாரு? அதே சமூகம்தான். அங்க படிக்க விடாம பண்ணிட்டு இங்க வந்து நீ ஏன் படிக்கலன்னு கேட்டா அதுக்குப் பேரு திறமையா?

இதுல இன்னொரு கூத்து, அந்த சர்டிபிகேட் இல்லாம முன்னாடியே சேர்ந்த வெள்ளைக்காரங்க அதே பிரிவுகள்ல நல்லாத்தான் வேலை பாத்துட்டு இருந்தாங்க. அதாவது அந்த வேலைக்கு அந்தப் படிப்பே தேவையில்ல. இந்தக் கேஸ்ல 1971ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதா சொல்லிடுச்சு, வேலைக்கு சம்பந்தமில்லாத நிபந்தனை ஒரு பிரிவு மக்களை வெளிய தள்ளுச்சுன்னா, கம்பெனி மனசுல கெட்ட எண்ணம் இருந்துச்சா இல்லையாங்கறது பேச்சே இல்லன்னு. தேர்வே வைக்கக் கூடாதுன்னு சொல்லல. வச்சா அது அந்த வேலையை அளக்கணும், அவ்வளவுதான். தரத்தைக் குறைக்கச் சொல்றாங்கன்னு உடனே கத்தறவங்க இதைக் கொஞ்சம் நிதானமா படிச்சா நல்லது.

இது நிபந்தனையில ஒளிஞ்சிருக்கற கதை. மார்க்லயே கை வச்ச கதையும் இருக்கு. டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வுல பொண்ணுங்க மார்க்கை வேணும்னே குறைச்சது 2018ல வெளிய வந்துச்சு, குறைஞ்சது 2006ல இருந்தே நடந்திருக்கு. காரணம் என்னன்னா பொண்ணுங்க டாக்டராகி கல்யாணம் குழந்தைன்னு வேலையை விட்டுடுவாங்களாம்! அத்தனை வருஷமும் சீட்டு கிடைக்காம வீட்டுக்குப் போன பொண்ணுங்க நமக்குத்தான் படிப்பு வரலன்னு நினைச்சிருப்பாங்க இல்லையா, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. குட்டு உடைஞ்ச அடுத்த வருஷம் அங்க பொண்ணுங்களோட தேர்ச்சி விகிதம் ஆம்பளைங்களை விட கொஞ்சம் கூடவே வந்துச்சு.

பேரைப் பாத்தே ஒதுக்கறது தனி ரகம். பாஸ்டன், சிகாகோவுல கம்பெனிகளுக்கு ஒரே மாதிரி பயோடேட்டாவை வெள்ளைக்காரப் பேர்ல பாதி, கறுப்பினப் பேர்ல பாதின்னு அனுப்பிப் பாத்தாங்க, வெள்ளைக்காரப் பேருக்கு சுமார் 50 சதவீதம் அதிக அழைப்பு, 2004ல அந்த ஆய்வு வெளிவந்துச்சு. இந்தியாவுல தனியார் வேலைக்கு உயர்சாதி இந்துப் பேர், தலித் பேர், முஸ்லிம் பேர் போட்டு அனுப்பின ஆய்வு 2007ல வந்துச்சு, முடிவு அதே கதைதான். சரி மனுஷன்தான் ஓரவஞ்சனை பண்றான், கம்ப்யூட்டர் கிட்ட விட்டுடலாம்னா அமேசான் கம்பெனி அதையும் முயற்சி பண்ணி கைவிட்டுச்சு. பத்து வருஷ பயோடேட்டாவைப் படிச்சுப் பழகின மெஷின், பொண்ணுங்க சம்பந்தப்பட்ட வார்த்தை வந்தாலே மார்க்கைக் குறைச்சதாம், 2018ல செய்தி வந்துச்சு. பழைய கணக்கை மனப்பாடம் பண்ணா பழைய விடைதானே வரும்.

எனக்குத் தெரிஞ்சு பெரிய ஓட்டை இன்டர்வியூதான். ஒருத்தர் கிட்ட வேலையைப் பத்திக் கேக்கறாங்க, இன்னொருத்தர் கிட்ட அப்பா என்ன பண்றார், கல்யாணம் எப்போன்னு கேக்கறாங்க, கடைசில ஆள் நம்ம டீமுக்கு செட் ஆக மாட்டார்னு ஒரே வரியில முடிச்சுடறாங்க. எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி, முன்னாடியே எழுதி வச்ச மார்க் முறை, நிராகரிச்சா எழுத்துல காரணம், இது ஒண்ணும் மலையைப் புரட்டற வேலை இல்ல. செய்ய மாட்டேங்கறாங்கன்னா ஏன்னு நீங்களே யோசிங்க.

கடைசியா உங்க பத்திரிகைக்கே ஒண்ணு. அமெரிக்காவுல ஒரு காலத்துல பேப்பர்கள் ஆண்களுக்கு வேலை, பெண்களுக்கு வேலைன்னு தனித்தனி பத்தி போட்டுத்தான் விளம்பரம் அச்சடிச்சாங்க. பிட்ஸ்பர்க்ல ஒரு பேப்பர் இது எங்க பத்திரிகை சுதந்திரம்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1973ல தோத்துச்சு, அதுவும் 5க்கு 4ங்கற கணக்குல, மயிரிழையில. உங்க வேலைவாய்ப்புப் பக்கத்துலயும் வயசு இத்தனைக்குள்ள, நல்ல தோற்றம், ஆண்கள் மட்டும்னு விளம்பரம் வந்துட்டுதான் இருக்கு. கட்டுரைப் பக்கத்துல சமத்துவம் பேசிட்டு விளம்பரப் பக்கத்துல இதை அச்சடிக்கறீங்க. விளம்பரம் கொடுக்கறவங்க கிட்ட இந்த நிபந்தனை இந்த வேலைக்கு எதுக்குன்னு ஒரு கேள்வி உங்க விளம்பரப் பிரிவு கேக்குமா, கேக்காதா? இந்தக் கடிதத்தைப் போட்டா பதிலையும் கீழயே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்