அம்மாவுக்கு ஒரு முறுகல் ரோஸ்ட்

பட்டணம்காத்தான்,
ராமநாதபுரம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் நலம்தானே. தினமும் போனில் பேசிக்கொள்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம் இது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட் போட்டாச்சு, பதினைந்து நாள் இருப்பேன், ஒரு வேளைகூட வெளியே சாப்பிட மாட்டேன், எல்லாம் உன் கைச் சாப்பாடுதான் என்றாய். நண்டு ரசம், கணவாய் தொக்கு, விளைமீன் குழம்பு, இடியாப்பம், ஆப்பம் என்று வரிசையாகச் சொன்னாய். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. போனை வைத்த கையோடு பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2020 ஞாபகம் வருகிறது. அந்த வருடம் நீயும் நானும் போட்ட சண்டையும் ஞாபகம் வருகிறது.

உனக்கு நினைவிருக்கும். செப்டம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நீ வீடியோ காலில் வந்தாய். அம்மா முகத்துக்குப் பின்னால் டைல்ஸ் சுவரும் தண்ணீர் டம்ளரும் தெரிந்ததும், "எங்கப்பா இருக்கீங்க?" என்று கேட்டாய். ஓட்டலில் என்றேன். அப்பாவுக்கு சுகர், அம்மாவுக்குப் பிரஷர், உங்களுக்கு அறிவில்லையா, ஒன்று கிடக்க ஒன்று ஆனால் என்னால் வர முடியுமா, விமானம்கூட இல்லையே என்று சத்தம் போட்டாய். சாப்பிடத்தான் வேண்டும் என்றால் பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமே என்றாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அப்புறம் இரண்டு வாரம் நாம் சரியாகப் பேசவில்லை. அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்த மார்ச்சில் உன் அண்ணன் குடும்பத்தோடு சென்னையிலிருந்து நாலு நாள் லீவுக்கு வந்திருந்தான். 25-ஆம் தேதி ஊரடங்கு. அவ்வளவுதான், திரும்பிப் போக முடியவில்லை. கம்ப்யூட்டர் வேலையை இங்கிருந்தே பார்த்தான். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்று செப்டம்பர் 1-ஆம் தேதி விட்ட பிறகுதான் கிளம்பினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மார்ச் 25-லிருந்து ஆகஸ்ட் 31 வரை 160 நாள். ஆறு பேர், மூன்று வேளை. அண்ணி பாவம், அவளுக்கும் ஆபீஸ் வேலை, முடிந்தபோது வந்து காய் நறுக்கித் தருவாள். அடுப்பு அம்மா கையில்தான் இருந்தது.

மீன் வேறு மலிந்து கிடந்தது. அந்த வருடம் தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்து, ஜூன் 1-லிருந்து விசைப்படகை விட்டார்கள். அதற்கு முன்பே நாட்டுப்படகில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் நண்டையும் கணவாயையும் வழக்கம்போல ஏற்றுமதிக்கு எடுக்க ஆள் இல்லை, ஓட்டல்களும் இல்லை. மண்டபம் ஊரிலிருந்து டிவிஎஸ் வண்டியில் கூடையைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக வந்து கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் சந்தோஷமாக இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று வாங்கிப் போடுவேன். கணவாயின் தோலை உரித்து, மைப்பையை உடையாமல் எடுத்து, நண்டின் ஓட்டைக் கழற்றிக் கழுவி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த மாதங்களில்தான் பார்த்தேன். வீட்டை விட்டு வெளியே போக வழியில்லாதவனுக்கு அடுப்படி கண்ணில் படத்தானே செய்யும்.

ராத்திரி தோசை. பதினெட்டு, சில நாள் இருபது. கல்லிலிருந்து எடுத்து எடுத்து உள்ளே அனுப்புவாள். எல்லாரும் கை கழுவின பிறகு, மாவுச் சட்டியின் அடியில் தண்ணீர் விட்டு அலசி அதில் இரண்டு ஊற்றிக்கொள்வாள். அது கல்லில் ஒட்டிப் பிய்ந்து வரும். பாத்திரத்தையெல்லாம் ஒதுக்கிப் போட்டுவிட்டு, ஆறிப்போன அந்த இரண்டையும் நின்றுகொண்டே சாப்பிடுவாள். நீ பிறந்து வளர்ந்த வீட்டில் இது தினமும் நடந்திருக்கிறது பாப்பா. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்குத் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. நான் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டர். பாதி நாள் ராமேஸ்வரம் – மதுரை ரூட். பஸ் சாப்பாட்டுக்கு நிற்கிற ஓட்டலில் டிரைவர், கண்டக்டருக்கு என்று தனி மேசை இருக்கும். பயணிகள் டோக்கனுக்கு நிற்கும்போதே எங்கள் இலையில் சுடச்சுட விழும். கேட்காமலே ஆம்லெட் வரும். அதைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, "என்ன இருந்தாலும் உன் கைச் சாப்பாடு மாதிரி வராது" என்பேன். மனதாரத்தான் சொன்னேன். நல்ல வார்த்தை என்று நினைத்துத்தான் சொன்னேன். 2019-ல் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டலில் உட்கார வைத்தது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தால், ஒரு கை விரல் போதும். அதிலும் கோயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போன வழியில்தான்.

அண்ணன் கிளம்பிப் போன அந்த வாரக் கடைசியில், வெள்ளிக்கிழமை ராத்திரி, மாவரைத்து முடித்து கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். வீடு வெறிச்சென்று இருந்தது. என் பக்கம் திரும்பாமலே, "ஏங்க, யாராவது எனக்கு ஒரு தோசை சுட்டுக் குடுத்தா நல்லா இருக்கும்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. வெயிலுக்குக் கொஞ்சம் மழை பெய்தால் நல்லா இருக்கும் என்கிற மாதிரி சொன்னாள். நான் சுட்டுத் தருகிறேன் என்று எழுந்தேன். கல்லில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் அவளே வந்து சுரண்டி எடுத்து, அவளே எனக்கு இரண்டு ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள், செப்டம்பர் 5. டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். நம் செக்போஸ்ட் தாண்டி ராமேஸ்வரம் ரோட்டில் இருக்கிற கடை. சாயங்காலம் மட்டும் டிபன், பரோட்டா போடுகிற கடைதான், ஆறு மேசை. கடையில் உட்கார்ந்து சாப்பிட ஜூன் 8-லிருந்தே அனுமதி இருந்தது, ஆனால் நாங்கள் போகவில்லை. வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டி சூடு பார்த்தார்கள். நோட்டில் பெயர், போன் நம்பர் எழுதச் சொன்னார்கள். ஒன்று விட்டு ஒரு நாற்காலியில் சிவப்பு டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டியிருந்தார்கள். பாதிப் பேர்தான் உட்காரலாம், ஏசி போடக்கூடாது, எட்டு மணிக்கு மேல் பார்சல் மட்டும். ராமேஸ்வரம் கோயிலை அந்த வாரம்தான் திறந்திருந்தார்கள். வடக்கத்திப் பக்தர்கள் இன்னும் வரத் தொடங்கவில்லை. ரோடே காலியாக இருந்தது. கடையில் எங்களைச் சேர்த்து ஐந்து பேர். மின்விசிறிக்குக் கீழே, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தோம். எல்லாம் பார்த்துத்தான் போனேன் பாப்பா.

அம்மா மாஸ்க்கைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேசையில் வைத்தாள், மடியில் வைத்தாள், தண்ணீர் டம்ளரை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். உள்ளே கல்லில் மாவு விழுந்து சொய்யென்று சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சர்வர் ஒரு பெரியவர், முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். நெய் ரோஸ்ட்டை இரண்டு கையாலும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். வாழையிலையை விட்டு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் செம்பு நிறம், ஓரத்தில் வலை வலையாக. "சூடு இருக்கும்போதே சாப்பிடுங்கம்மா" என்றார். அவள் அதை என் பக்கம் தள்ளினாள். எனக்குப் பரோட்டா வருகிறது, அது உனக்கு என்றேன். ஓரத்தை ஒடித்தாள். ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. சட்னியில் தொடாமல் வெறுமனே வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் இலையைச் சுருட்டி, டம்ளரையெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போட்டு எடுத்துக்கொண்டு எழுந்தாள். எங்கே போட என்று தேடினாள். பெரியவர் பதறிப்போய், "அம்மா, வைங்கம்மா, நான் எதுக்கு இருக்கேன்" என்று வாங்கிக்கொண்டார். திரும்ப உட்கார்ந்தவள், கொஞ்ச நேரம் கழித்து அவரைக் கூப்பிட்டு, "இன்னொண்ணு கிடைக்குமா? இன்னும் கொஞ்சம் முறுகலா" என்றாள். எங்களுக்குக் கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில், தனக்கு என்று இன்னொன்று அவள் கேட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த இரண்டாவது ரோஸ்ட் வருவதற்குள்தான் உன் போன் வந்தது.

பார்சல் ஏன் வாங்கவில்லை என்றால் இதுதான் காரணம். பார்சலில் கட்டின ரோஸ்ட் வீடு வந்து சேருவதற்குள் வேர்த்துச் சுருண்டு துணி மாதிரி ஆகிவிடும். அதுகூடப் பரவாயில்லை. பார்சல் வீட்டுக்கு வந்தால் தட்டு எடுத்து வைக்க, பிரித்து எனக்கு முதலில் வைக்க, சட்னியைக் கிண்ணத்தில் ஊற்ற, அப்புறம் கழுவ எல்லாம் அம்மாதான். அவள் கேட்டது தோசையை மட்டும் இல்லை.

அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் போனோம். உன்னிடம் சொல்லவில்லை, அது தப்புத்தான். டிசம்பர் முதல் வாரம் புரெவி புயல் என்று பாம்பனில் கூண்டு ஏற்றினார்களே, அந்த வாரம் மட்டும் போகவில்லை. 2021 ஏப்ரல் 26-லிருந்து மறுபடி பார்சல் மட்டும் என்றார்கள். மே 10-லிருந்து முழு ஊரடங்கு. அந்த மேயை நான் எழுத வேண்டாம், உனக்கே தெரியும். நம் தெருவிலேயே மூன்று வீட்டில் சாவு.

ஜூலை 5-ல் திறந்ததும் போனோம். பெரியவர் இல்லை. ஊருக்குப் போனார், மூச்சுத் திணறல் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலாம் நாள் தவறிவிட்டார் என்று கடைக்காரர் சொன்னார். அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. எழுந்து வந்துவிட்டோம். நாங்கள் வாரத்துக்கு அரை மணி நேரம்தான் மாஸ்க் கழற்றினோம். அவர் தினமும் சாயங்காலம் முழுக்க, மாஸ்க் கழற்றினவர்கள் முகத்துக்கு நேரே குனிந்து, என்ன வேணும் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நீ எங்களுக்காகப் பயந்தாய். அவருக்காகப் பயந்திருக்க வேண்டியது நான். அவர் ஊருக்கு ஒரு நாள் போய் வந்தேன், கையில் இருந்ததைக் கொடுத்தேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அதற்கப்புறம் பல மாதம் நாங்கள் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. இப்போது எப்போதாவது போகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ வா, அம்மா சமைக்கட்டும், உனக்குச் செய்து போடுவதில் அவளுக்கு இருக்கிற சந்தோஷத்தை நான் கெடுக்க நினைக்கவில்லை. ஆனால் பதினைந்து நாளும் வேண்டாம். அந்தத் தாளில் பாதியைக் குறைத்துக்கொள். கணவாய் செய்கிற அன்றைக்கு நீயும் கூட உட்கார்ந்து சுத்தம் செய். நானும் பழகிவிட்டேன், மைப்பையை இப்போது உடைப்பதில்லை. இரண்டு சனிக்கிழமை வருகிறது, இரண்டு நாளும் கடைக்குப் போவோம். நான் கூப்பிட்டால், "பிள்ளை வந்திருக்கையில ஓட்டலா?" என்று மறுத்துவிடுவாள். நீ கூப்பிடு. உனக்கு ஆசையாக இருக்கிறது என்று சொல், உடனே கிளம்பிவிடுவாள்.

அங்கே போய் ஒன்று மட்டும் செய். ரோஸ்ட் வந்ததும் பாதியைப் பிய்த்து உன் இலையிலும் பேரன் இலையிலும் வைப்பாள். வாங்காதே. உனக்கு வேறு சொல்லியிருக்கிறது என்று சொல்லிவிடு. முதலில் அவளுக்கு வைக்கச் சொல்லி, அவள் ஒரு வாய் சாப்பிட்ட பிறகு நீ தொடு.

கடையை ஆறு மணிக்குத் திறக்கிறார்கள். ஏழு மணிக்கு மேல் ராமேஸ்வரம் வண்டிகள் வந்து நின்று இடம் கிடைக்காது, அதனால் ஆறரைக்குள் போய்விட வேண்டும். திருச்சிக்கு எத்தனை மணிக்கு இறங்குகிறாய் என்று எழுது, வண்டி சொல்லி வைக்கிறேன். வரும்போது அம்மா முழங்காலுக்குக் கோடாலித் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வா. இந்தக் கடிதம் வந்ததாக அவளிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா