வருசத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு சீ.ஆர். கொப்பி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
மார்கழி 4

அன்பின் குமார்,

சுகமா? உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். இங்கே மழை ஒருவழியாக விட்டிருக்கிறது. காலி வீதி நெரிசல்தான் விடவில்லை.

போன வருசத்தை எழுதிப் பார்க்க உட்கார்ந்தால் இரண்டு பக்கத்தோடு நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தாய். அது சோம்பல் இல்லை மச்சான். ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதினால் எவருக்கும் அவ்வளவுதான் வரும், அதிலும் ஒன்றரைப் பக்கம் கார்த்திகையும் மார்கழியுமாக இருக்கும். உளவியலாளர் டானியல் கானமன் குழுவினர் 1993 இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. 14 பாகைக் குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருப்பது ஒரு தடவை. மற்றத் தடவை அதே 60 விநாடி, அதன் பிறகு இன்னும் 30 விநாடி. அந்த 30 இல் மட்டும் நீர் மெல்ல 15 பாகைக்கு ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானோர் நீண்டதையே கேட்டார்கள். மொத்த வலி அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் லேசு. வருசத்துக்கும் அதே கணக்கு. மார்கழியில் ஒரு சண்டை வந்தால் முழு வருசமும் பாழ் என்று எழுதி மூடிவிடுவோம்.

ஆகவே முதலில் சாட்சிகளைச் சேர். சுவர்க் கலண்டர், வங்கி எஸ்எம்எஸ், கரண்ட் பில், போனில் உள்ள படங்கள், இந்த வரிசையில். வட்ஸ்அப் படங்களில் கவனம்: எடுத்த நேரத்தின் விபரம் அனுப்பும்போதே கழன்றுவிடும். அன்ட்ரொயிட் போனில் கோப்பின் பெயரிலேயே எட்டு இலக்கத்தில் ஒரு தேதி இருக்கும், 20250314 என்கிற மாதிரி. அது படம் உன் போனுக்கு வந்த நாள், எடுத்த நாள் இல்லை. கலியாணத்துக்கு ஒரு கிழமை பிந்தி யாராவது படம் அனுப்பியிருந்தால் உன் வருசத்தில் கலியாணமும் ஒரு கிழமை தள்ளிப்போகும். சுப்பர்மார்க்கட் பில்லையும் ஏரிஎம் சீட்டையும் கொப்பியில் ஒட்டாதே. அவை மையில்லாமல் சூட்டினால் எழுத்துப் பதியும் தாள். பசை பட்டாலும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாலும் இன்னும் வேகமாக வெளுக்கும். தேதி, கடை, தொகை மூன்றையும் பேனையால் எழுதிவிட்டுச் சீட்டை எறி.

ஒரு மாதத்துக்கு நான்கு பக்கம் விட்டால் 48 பக்கம்; 80 பக்கச் சீ.ஆர். கொப்பி, அதாவது பெரிய அளவுக் கொப்பி, தாராளம். ஒவ்வொரு பக்கத்திலும் வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்குக் கோடு போட்டு வெறுமையாக விடு. தையிலிருந்து தொடங்காதே. அப்படித் தொடங்குபவர்கள் பங்குனியில் களைத்துவிடுகிறார்கள். ஆடி, ஆவணியை முதலில் எடு: ஞாபகம் மிக மெலிந்த மாதங்கள் அவை, உற்சாகம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். மார்கழி கடைசி. ஒரு தடவை உட்கார்ந்தால் இரண்டு மாதம், முக்கால் மணித்தியாலம், அதற்கு மேல் வேண்டாம்.

எழுதும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "வைகாசி மோசமான மாதம்" என்று எழுதினால் அடுத்த வருசம் அதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது. இப்படி எழுது: "வைகாசி 12. அம்மாவின் கண் ஒப்பரேசன் மூன்றாம் தரமும் தள்ளிப்போனது. ஒவ்வொரு தரமும் அரைநாள் லீவு. தம்பி ஒருதரமும் வரவில்லை." தேதி, ஆள், நடந்தது, செலவானது. தீர்ப்பு இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பு இன்றைக்கும் பயன்படுவது இதனால்தான்: எந்தக் கப்பல் எப்போது வந்தது, யார் என்ன சொன்னார் என்று வியாபாரிக் கண்ணோடு எழுதிவைத்தார். மாதத்துக்கு எட்டுப் பத்து வரி போதும்.

அப்படியே ஒரு கிழமை மூடி வை. பிறகு வேறு நிறப் பேனையால் வலப்பக்கம் விட்ட அந்த வெறும் இடத்தை நிரப்பு. மேலே சொன்ன வரிக்கு எதிரே "தம்பியிடம் நான் கேட்கவே இல்லை" என்று வரலாம். முதல் நாளே எழுதியிருந்தால் தம்பிக்குத் திட்டுத்தான் வந்திருக்கும்.

அடுத்தது எண்ணுகிற வேலை, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பன்னிரண்டு மாதத்திலும் வந்த பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கோடு போட்டு எண்ணு. அதிகம் வந்த பெயர் யாருடையது என்பது பெரிய விசயம் இல்லை. வேலைத்தலத்து ஆளாகத்தான் இருக்கும். வந்திருக்க வேண்டியும் வராத பெயரைத் தேடு. அதேபோல மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து இழுபடும் காரியங்களையும் பிடி: பல் வைத்தியம், காணி உறுதிப் பிரதி, பாஸ்போட் புதுப்பித்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி போடு, இல்லாவிட்டால் வெட்டிவிடு. இரண்டும் கெட்டானாக அடுத்த கொப்பிக்குக் கொண்டுபோகாதே. சம்பளம், வரிக் கணக்கை இதில் கலக்கவும் வேண்டாம். வரி வருசம் ஏப்ரல் 1 இல் தொடங்குவதால் இரண்டும் பொருந்தாது.

அப்பாவின் இழப்பை எழுதுவதா விடுவதா என்றும் கேட்டிருந்தாய். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தங்கள் மனக்காயத்தை அடுத்தடுத்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்தது. பிந்திய மாதங்களில் வைத்தியரிடம் போவது குறைந்தது. ஆகவே தனித் தாளில், நேரம் வைத்து, நான்கு நாள். ஒரே வாக்கியம் மூன்றாம் நாளும் மாறாமல் வந்தால் நிறுத்திவிட்டு ஆரிடமாவது வாய்விட்டுக் கதை. கொப்பி அதற்குக் காணாது.

வருகிற வருசத்துக்குப் போயா நாளை, அதாவது பௌர்ணமி நாளை, பிடித்துக்கொள். வருசத்துக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ வரும், லீவு, கலண்டரில் போட்டே இருக்கும். அன்று 20 நிமிடத்தில் அந்த மாதத்தின் வரிகளை எழுதிவிட்டால் மார்கழியில் தோண்ட வேண்டியதில்லை. தேதி அச்சடித்த இலவச டயறி வேண்டாம். நான்கு நாள் தவறினால் வெறும் பக்கங்களைப் பார்த்தே கை பின்வாங்கும்.

கொழும்பு ஈரக்காற்றுக்குப் போல்பொயின்ற் பேனைதான் சரி. ஜெல் மைகள் பல தண்ணீர் பட்டால் ஓடும். எழுதின கொப்பியைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டாதே, உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியில் சுவரோடு ஒட்டாமல் நிறுத்தி வை.

நத்தாருக்கு நீ இங்கே வரும்போது புறக்கோட்டை மலிபன் வீதியில் கொப்பி எடுக்கலாம். நடுவில் நூல் தையல் தெரிகிறதா என்று திறந்து பார். பசையில் மட்டும் நிற்பது வருசம் முடிய முன்னமே தாள் தாளாகக் கழரும். ஞாயிறும் போயாவும் அங்கே பெரும்பாலும் பூட்டு, கிழமை நாளில் காலமை பத்து மணிக்கு முன் போனால் நல்லது. வருகிற தேதியை எழுது. மகளுக்கும் தங்கச்சிக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
ரவி