ஆர்டரை ஏற்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னைத் தொழிற்பேட்டைகளில் சிறுதொழில் செய்வோருக்கு நடத்தப்படும் நிதி மேலாண்மை வகுப்புகள் பலவற்றில் பேலன்ஸ் ஷீட்டும் விகிதங்களுமே நேரத்தைத் தின்றுவிடுகின்றன. அம்பத்தூரிலோ திருமுடிவாக்கத்திலோ பட்டறை நடத்துபவருக்குத் தெரிய வேண்டியது வேறு: இந்த ஆர்டரை எடுக்கலாமா, கூடாதா?

மாதம் 10 லட்சம் விற்பனை, 8 லட்சம் ரொக்கச் செலவு என்று வைப்போம். பணம் முடங்கும் நாள்களைக் கூட்டிப் பாருங்கள்: மூலப்பொருள் 20 நாள், பட்டறையில் 15 நாள், தயாரான சரக்கு 10 நாள், வசூலுக்கு 75 நாள், ஆக 120. சப்ளையர் தரும் தவணை 30 நாளைக் கழித்தால் 90 நாள், அதாவது மூன்று மாதச் செலவான 24 லட்சம் முடங்கிக் கிடக்கும். சிறுதொழில் கடனுக்கு வங்கிகள் பின்பற்றும் நாயக் குழு முறைப்படி, ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம் (அன்றாடம் தொழிலை ஓட்டத் தேவையான பணம்). வங்கி 20, நம் கைப்பணம் 5. இங்கே 30 லட்சம். சமாளிக்கலாம்.

வாடிக்கையாளர் வசூலை 105 நாளாக இழுத்தால் தேவை 32 லட்சமாகிவிடும். போதாக்குறைக்கு, 90 நாள் தாண்டிய பாக்கியைப் பெரும்பாலான வங்கிகள் டிராயிங் பவருக்கு, அதாவது சரக்கையும் பாக்கியையும் வைத்து நாம் எடுக்கக்கூடிய கடன் தொகைக்கு, கணக்கில் எடுப்பதில்லை. இந்த நேரத்தில் அதே வாடிக்கையாளர் மாதம் 2.5 லட்சத்துக்குப் புது ஆர்டர் தருகிறார், லாபம் 50,000. யாருக்குத்தான் கை நீளாது? ஆனால் அதற்கு மாதம் 2 லட்சம் செலவு, நான்கு மாதச் சுழற்சி; 8 லட்சம் கூடுதலாக முடங்கும். அந்த ஆர்டரின் லாபத்தை வைத்தே அடைக்க 16 மாதம் ஆகும். வங்கி தந்த கடன் லிமிட்டோ பழைய விற்பனைக்குப் போட்டது. ஜி.எஸ்.டி.யும் வசூலுக்குக் காத்திருக்காது. மாதாந்தர ரிட்டர்ன் போடுபவர் இன்புட் கிரெடிட் (கொள்முதலில் ஏற்கெனவே கட்டிய வரி) போக மீதியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கந்துவட்டிக்காரர் உள்ளே வருவது இந்த இடத்தில்தான்.

மெஷின் வாங்குவதிலும் இதே கதை. 30 லட்சம் போட்டு ஆண்டுக்கு 8 லட்சம் மிச்சம், ஐந்தாண்டில் 40 லட்சம் என்று மனக்கணக்கு சொல்லும். பின்னால் வரும் பணத்தை ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக் கணக்கில் தள்ளுபடி செய்து, அதாவது குறைத்துப் பார்த்தால், இன்றைய மதிப்பு 28.8 லட்சம்தான், நஷ்டம். ஐந்தாண்டு முடிவில் 5 லட்சத்துக்கு விலை போகும் என்றால் அதில் இன்றைய மதிப்பு 2.8 லட்சம் சேர்ந்து கணக்கு லாபத்துக்குத் திரும்பும். ஆக, ஐந்தாண்டு ஓடிய மெஷின் என்ன விலைக்குப் போகும் என்று விசாரிக்காமல் முடிவெடுக்க முடியாது. பலர் தவறுவது எங்கே என்றால், தேய்மானத்தை ரொக்கச் செலவாகக் கழிப்பார்கள். வட்டியையும் கழித்து, மேலே தள்ளுபடியும் செய்வார்கள். வட்டி இரண்டு முறை விழுந்து நல்ல மெஷின்கூட மோசமாகத் தெரியும்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. பில்லில் உத்யம் எண்ணை (குறு, சிறு நிறுவனப் பதிவு எண்) அச்சிடுவது இதற்காகத்தான். ஆர்டர் போய்விடுமே என்று வட்டி கேட்கத் தயங்குபவர்கள், வாடிக்கையாளர் டிரெட்ஸ் (TReDS) என்ற, பில்லை வைத்து முன்கூட்டியே பணம் பெறும் இணையதளத்தில் இருந்தால் பில்லை அங்கே ஏற்றிப் பணமாக்கலாம்.

தொழிற்பேட்டைச் சங்கங்கள் இந்தக் கணக்குகளை மாலை வேளையில், தமிழில், அவரவர் டாலி கணக்கு மென்பொருள் பதிவுகளை வைத்தே சொல்லித்தர ஏற்பாடு செய்ய வேண்டும். ஆர்டர் எடுக்கும் முதலாளியே வந்து உட்கார வேண்டும். கணக்கரை மட்டும் அனுப்பினால் பயனில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பத்தூர், சென்னை