சிங்கப்பூர் விளையாட்டுச் சங்கங்களுக்கும் குழுக்களுக்கும்: உங்கள் ஊடகக் கையேட்டைப் பற்றி

ஊடகப் பிரிவுகளில் பணியாற்றும் அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் தமிழில் செய்தி போயாக வேண்டும். அந்நேரம் யாரையும் அழைத்துச் சரிபார்க்க முடியாது. ஆட்டக்காரர் விவரங்களோடு நீங்கள் செய்தியாளருக்குத் தரும் கையேட்டில் இருப்பதுதான் அச்சேறும், வானொலியிலும் ஒலிக்கும். ஆகவே அடுத்த பதிப்புக்கு முன் சில மாற்றங்களைக் கேட்கிறோம்.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தில் மட்டும் தந்தால் தமிழில் பாதி ஊகம்தான். ஓட்டக்காரர் சி. குணாளனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதினால் குனாலன், குனாளன், குணலன் எல்லாமே வரும். ன, ண இரண்டுக்கும் அங்கே ஒரே எழுத்து. ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் கூட்டி, தமிழ் விளையாட்டாளரையே தம் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். மற்றவர்கள் தம் பெயரைச் சொல்வதை ஐந்து விநாடி ஒலிப்பதிவாக இணைத்தால் போதும், நாங்கள் எழுதிக்கொள்வோம்.

படிவத்தில் உள்ள 'குடும்பப் பெயர்' என்ற கட்டம்தான் பெரிய தொல்லை. அடையாள அட்டையில் 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன்), 'டி/ஓ' (இன்னாரின் மகள்) என்று இருக்கும் தமிழருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. கட்டத்தை நிரப்ப அப்பா பெயரைப் போட்டால், கோல் அடித்தவர் மகன், செய்தியில் வருபவர் அப்பா. மலாய்ப் பெயர்களிலும் இதே கதை. இர்ஃபான், இக்சான், இல்ஹான் மூவரும் முன்னாள் காற்பந்து வீரர் ஃபாண்டி அகமதின் மகன்கள். மூவருமே சிங்கப்பூருக்காக ஆடியவர்கள். 'ஃபாண்டி கோல் அடித்தார்' என்று எழுதினால் வாசகர் எவரை நினைப்பார்? சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும்: 2021 உலகப் பூப்பந்து வெற்றியாளர் லோ கியன் இயூவுக்கு 'லோ'தான் குடும்பப் பெயர். ஆகவே 'செய்தியில் எப்படி அழைப்பது' என்று தனி வரி ஒன்று வேண்டும். கையேட்டில் வேறு எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

அடுத்தது எண்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். 33 ஆண்டு நின்ற அந்தத் தேசிய சாதனையை 2001இல் யு.கே. ஷியாம் 10.37இல் முறியடித்தார். இரண்டையும் 10.4 என்று முழுமையாக்கும் அட்டவணையில் அந்தச் சாதனை முறியடிப்பே தெரியாது. நூறில் ஒரு பங்கு வரை போடுங்கள், காற்றின் வேகத்தையும் சேருங்கள். பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அது சாதனையில் சேராது. ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே போட்டி, ஊர், ஆண்டு மூன்றும் இருக்கட்டும். ஓட்டக்காரர் சாந்தி பெரேராவின் 200 மீட்டர் நேரமான 22.57 விநாடி, 2023 புடாபெஸ்ட் உலக வெற்றியாளர் போட்டியில் வந்தது. அதே ஆண்டு ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் அவருக்குத் தங்கம் தந்தது 23.03. பதக்கமும் சிறந்த நேரமும் ஒரே வரியில் நெருக்கியிருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

காற்பந்தில் அனைத்துலக ஆட்டங்களின் எண்ணிக்கை எந்தத் தேதி வரை என்று குறியுங்கள். தென்கிழக்காசிய விளையாட்டுகளின் ஆடவர் காற்பந்து 2001 முதல் வயது வரம்புக்கு உட்பட்டது. அந்த ஆட்டங்களையும் கோல்களையும் தேசியக் குழுக் கணக்கில் சேர்க்காமல் தனியே காட்டுங்கள். வயதுக்குப் பதில் பிறந்த தேதி கொடுங்கள். ஜனவரியில் சரியான வயது ஆகஸ்டில் தவறாகிவிடும்.

வடிவம் பற்றிச் சுருக்கமாக: தாளை வருடி எடுத்த படத்தைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பாதீர்கள், அதில் தேடவும் முடியாது, பிரதி எடுக்கவும் முடியாது. தமிழை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், பழைய எழுத்துருவில் தந்தால் எங்கள் கணினியில் வெறும் குறிகளாகத்தான் விழும். அட்டையிலும் கோப்பின் பெயரிலும் பதிப்புத் தேதி வேண்டும்.

பருவத்தின் நடுவே ஆட்டக்காரர் மாறினாலோ சட்டை எண் மாறினாலோ கையேடு முழுவதையும் மீண்டும் அனுப்ப வேண்டாம். மாறியதை மட்டும் ஒரே பக்கத்தில், ஆட்டத்துக்கு முதல் நாள் மாலைக்குள் அனுப்பினால் போதும். ஆட்ட நாளில் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்லக்கூடிய ஒருவரின் எண்ணும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
தமிழில் விளையாட்டுச் செய்தி எழுதுவோரும் வாசிப்போரும்