நிலத்தை மட்டும் விற்றுவிடாதே

சியாங் மாய்
20.11.2025

அன்புள்ள சங்கரா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலையை விட்டு, ஊர் நிலத்தை விற்று, குடும்பத்தோடு இங்கே தாய்லாந்துக்கு வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வாடா, கண்டிப்பாக வா. ஆனால் நிலத்தின் மேல் கை வைக்காதே. வேலையையும் இப்போதைக்கு விடாதே.

தாய்லாந்தில் ஓய்வுக்கால விசாவுக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். நமக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. முன்பு நம் வயதுக்காரர்கள் தாய்லாந்து மொழி வகுப்பில் சேர்ந்து மாணவர் விசா வாங்குவார்கள்; வசதியுள்ளவர்கள் லட்சக்கணக்கான பாட் (தாய்லாந்துப் பணம்) கட்டி உறுப்பினர் விசா எடுப்பார்கள். 2024 ஜூலையில்தான் டி.டி.வி. (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) என்ற விசா வந்தது. வெளிநாட்டு வேலையை இங்கிருந்தபடி பார்ப்பவர்களுக்கும், முவே தாய் குத்துச்சண்டையோ தாய்லாந்துச் சமையலோ கற்க வருபவர்களுக்கும் கொடுக்கிறார்கள். ஐந்து வருடம் செல்லும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம். கட்டணம் 10,000 பாட். மனைவிக்கும் 20 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் உன் விசாவைக் காட்டித் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இப்போது யோசித்துப் பார். ராஜினாமா செய்துவிட்டு விண்ணப்பித்தால் எந்த வேலையைக் காட்டுவாய்? எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று உன் நிறுவனத்திடம் முதலில் ஒரு கடிதம் வாங்கு. இங்கே உள்ளூர் வேலை எதுவும் பார்க்க முடியாது.

அப்புறம் பணம். வங்கியில் 5 லட்சம் பாட் இருப்பதைக் காட்ட வேண்டும். நம் கணக்கில் 13, 14 லட்சம் ரூபாய். நான் தடுக்கி விழுந்தது இதில்தான். பாதிப் பணம் எஃப்.டி.யில், மீதி மனைவியோடு சேர்ந்த கணக்கில் இருந்தது. என் பெயரில் மட்டும் உள்ள சேமிப்புக் கணக்கின் விவரம் வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். எஃப்.டி.யை உடைத்து, மூன்று மாதம் பணத்தை அப்படியே விட்டுவைத்து, மறுபடி கட்டணம் கட்டினேன். அந்த மூன்று மாதமும் தூக்கமே இல்லை. உனக்கு அது வேண்டாம். இன்றே உன் பெயரில் பணத்தைச் சேர்க்க ஆரம்பி. விண்ணப்பம் முழுக்க ஆன்லைனில்தான், தாய்லாந்துக்கு வெளியே இருந்துதான் போட முடியும்.

வந்த பிறகு பெரிய தொல்லை இல்லை. நீ வீட்டுக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். தொடர்ந்து தங்கினால் 90 நாளுக்கு ஒரு முறை நீயும் முகவரியைப் பதிய வேண்டும்.

ஆனால் சங்கரா, இந்த விசா எத்தனை வருடம் வைத்திருந்தாலும் நிரந்தரக் குடியிருப்பாக மாறாது. உன் பெயரில் இங்கே நிலமும் வாங்க முடியாது. விதிகள் நாளைக்கே மாறலாம். அப்படி மாறினால் திரும்பிப் போக நமக்கென்று ஓர் இடம் வேண்டாமா? உன் அப்பா கிணறு வெட்டிய நிலம் அது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

180 நாள் கெடு முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அதுவே பிடித்துவிட்டது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சுற்றியுள்ள காடுகளிலும் வயல்களிலும் தீ வைப்பதால் இந்த ஊர் புகைக்குள் மூழ்கிவிடும். எதிரே இருக்கும் தொய் சுதேப் மலையே தெரியாது. அந்த மாதங்களில் நான் ஊருக்குப் போய் அம்மாவிடம் இருக்கிறேன். ஆடியிலும் ஒரு நடை. காலண்டர் வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகவே இங்கே தங்குவதால் இந்நாட்டு வரிக் கணக்குக்குள் நான் வருவதில்லை. வரியை நம் ஊரிலேயே கட்டுகிறேன். மற்ற மாதங்களில் காலை ஆறு மணிக்குப் பழைய நகரத்தின் அகழி ஓரமாக நடக்கிறேன். பிக்குகள் வெறுங்காலோடு பாத்திரம் ஏந்திப் போவார்கள். 46 வயதில், கால் நன்றாக இருக்கும்போதே இதைப் பார்க்கக் கிடைத்ததே என்று தினமும் நினைக்கிறேன்.

ஜனவரியில் உன் மனைவியோடு இரண்டு வாரம் வந்து என்னோடு இரு. இங்கே குளிர் காலம், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். சந்தையில் காய் வாங்கி நாமே சமைக்கலாம். அவளுக்கும் பிடித்தால் விண்ணப்பம் போடு.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வா. முழங்கால் வலி குறைந்துவிட்டதாகப் போனில் சொல்கிறாள், எனக்கு நம்பிக்கையில்லை. அவள் எப்படி நடக்கிறாள் என்று பார்த்து எழுது.

அன்புடன்,
குமார்