பாயின்ட்டில் கிடைக்கும் அறையும் கட்டுரையில் காணாத சாப்பாட்டுக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டைம்ஷேர் (வருடத்துக்குச் சில நாள் ரிசார்ட்டில் தங்கும் உரிமையை மெம்பர்ஷிப்பாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு) பாயின்ட்டுகளை வைத்து வெளிநாட்டுக் கடற்கரை ரிசார்ட்டில் ஒரு வாரம் 'காசே இல்லாமல்' தங்கிவிட்டு வரலாம் என்று உங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. இடத்தைப் பற்றி எழுதியதிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் செலவைப் பற்றிப் பேசும்போது, இருப்பதிலேயே பெரிய தொகையைக் காணோம்.

நான் காவேரிப்பட்டணத்தில் கணக்கு, வரி வேலை பார்ப்பவன். மாங்கூழ் ஆலை நடத்துபவர்கள், கிரானைட் தொழில் செய்பவர்கள், ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் என்று பலரும் வருமான வரிக் காகிதங்களோடு ரிசார்ட் மெம்பர்ஷிப் ரசீதையும் என் மேசையில் வைத்து, "இதுக்கு ஏதாவது கழிவு உண்டுங்களா?" என்று கேட்கிறார்கள். சொந்தக் குடும்பம் ஊர் சுற்றுவதற்குக் கழிவு ஏது? ஆனாலும் அந்தக் காகிதங்களைப் படித்துப் படித்து இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்பது எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

கட்டுரை சொல்லாமல் விட்டது இதுதான். பாயின்ட் கொடுத்து எக்ஸ்சேஞ்ச் மூலமாக, அதாவது நம் பங்கைக் கொடுத்து வேறு ரிசார்ட்டில் இடம் மாற்றிக்கொள்ளும் வழியில், ரிசார்ட் எடுத்தால், அந்தப் பாயின்ட் அறைக்கு மட்டும்தான். ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட்டில் மூன்று வேளைச் சாப்பாடு, நொறுக்குத்தீனி, மது வகைகள், சில விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ரிசார்ட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். மெக்சிகோவின் கான்குன், டொமினிக்கன் குடியரசின் புன்டா கானா பக்கமெல்லாம் பல ரிசார்ட்டுகளில் இது கட்டாயம். "எங்களுக்குச் சாப்பாடு வேண்டாம், அறை மட்டும் போதும்" என்றால் விடமாட்டார்கள். அறையில் தங்கும் பெரியவர்கள் அத்தனை பேரும், தங்கும் அத்தனை இரவுக்கும் கட்டியாக வேண்டும். பிள்ளைகளுக்குக் குறைவாக இருக்கும், கைக்குழந்தைக்கு இல்லாமலும் இருக்கலாம். அது ரிசார்ட்டுக்கு ரிசார்ட் மாறும். கல்யாண மண்டபத்தை யாரோ சும்மா கொடுத்தார் என்பதற்காகப் பந்திச் செலவு இல்லாமல் போய்விடாது.

இதை யாரும் ஒளித்து வைக்கவும் இல்லை. ஆர்.சி.ஐ. 1974-லும் இன்டர்வல் இன்டர்நேஷனல் 1976-லும் அமெரிக்காவில் தொடங்கிய எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள். உன் வாரத்தை எனக்குக் கொடு, என் வாரத்தை நீ எடுத்துக்கொள் என்பதுதான் பழைய ஏற்பாடு. பாயின்ட் பிற்பாடு வந்தது. ரிசார்ட் விவரங்களிலேயே ஆல் இன்க்ளூசிவ் கட்டணம் கட்டாயமா, விருப்பப்பட்டால் மட்டுமா, ஆளுக்கு எவ்வளவு என்றெல்லாம் போட்டிருப்பார்கள். நாம்தான் நீச்சல்குளத்துப் படத்தைத் தாண்டிக் கீழே போவதில்லை. நம் ஊரில் மெம்பர்ஷிப் விற்க வருபவர்களும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஆளுக்கு ஓர் இரவுக்கு 80 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, கணவனுடைய அப்பா, அம்மா என்று நான்கு பெரியவர்கள், 7 இரவு. மொத்தம் 2,240 டாலர். டாலருக்கு 90 ரூபாய் போட்டால் 2,01,600 ரூபாய். விமான டிக்கெட் இதில் இல்லை. எக்ஸ்சேஞ்சுக்கான கட்டணம் இல்லை. வருடா வருடம் கட்டும் பராமரிப்புக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்லை. மெம்பர்ஷிப் வாங்கும்போது கட்டிய லட்சங்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதே இல்லை. இதைத்தான் உங்கள் கட்டுரை 'காசே இல்லாமல்' என்கிறது.

இதைவிட முக்கியமான கணக்கு இன்னொன்று உண்டு. அதே ரிசார்ட்டில் அதே தேதிக்கு, எந்த மெம்பர்ஷிப்பும் இல்லாதவர் நேரடியாகப் பணம் கட்டினால் என்ன விலை என்று பாருங்கள். இருவருக்குச் சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு 220 டாலர் என்று வருகிறது என்போம். பாயின்ட்டில் போகிறவர் இருவருக்கும் கட்டாயக் கட்டணமாகக் கட்டுவது 160. ஆக, பாயின்ட் மிச்சப்படுத்திக் கொடுத்தது ஓர் இரவுக்கு 60 டாலர், 7 இரவுக்கு 420. எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தை இதில் கழித்து, அந்தப் பாயின்ட்டுக்காக அந்த வருடம் கட்டிய பராமரிப்புத் தொகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாயின்ட்டைச் செலவழிக்காமல் கையில் வைத்திருப்பதே மேல் என்றுகூடத் தோன்றும். இந்தக் கணக்கில் விலையின் பெரும்பகுதி சாப்பாட்டிலும் மதுவிலும் இருக்கிறது, அறையில் இல்லை. அறைக்கு மட்டும் செல்லுபடியாகும் பாயின்ட்டைக் கொண்டுபோய் அங்கே கொடுப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை. அறை வாடகை ஏறிக்கிடக்கும் ஊரில், சீசன் நேரத்தில், சமையலறையோடு கூடிய அபார்ட்மென்ட்டாகப் பார்த்து எடுத்தால் அதே பாயின்ட் நன்றாக வேலை செய்யும். டைம்ஷேர் ரிசார்ட்டுகளில் அடுப்பும் பாத்திரமும் உள்ள அறைகள் நிறையவே உண்டு.

ஓசூரிலிருந்து வந்த ஒரு தம்பதி, விற்றவர் சொன்னதை நம்பி எக்ஸ்சேஞ்ச் போட்டு, கன்ஃபர்மேஷன் கையில் வந்த பிறகுதான் கட்டாயக் கட்டணத்தைக் கவனித்தார்கள். ரத்து செய்தால் எக்ஸ்சேஞ்சுக்குக் கட்டிய பணம் போகும்; போனால் கூட வரும் அப்பா, அம்மாவுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். பெரியவர் காலையில் களியும் மோரும் தவிர வேறு தொடாதவர், அம்மா சுத்த சைவம். அந்த வீட்டில் குடிக்கிறவர் யாரும் இல்லை. பார் எத்தனை மணிவரை திறந்திருந்தால் இவர்களுக்கு என்ன? கடைசியில் ரத்துதான் செய்தார்கள். விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டதற்கு, "அது ரிசார்ட்டோட பாலிசி மேடம்" என்று பதில் வந்ததாம்.

ஆல் இன்க்ளூசிவ் யாருக்குமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. மாலத்தீவின் ரிசார்ட்டுகளில் பெரும்பாலும் ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட்தான். பசித்தால் தெருவில் இறங்கி ஒரு டீ குடிக்க வழி இல்லை. அங்கே சாப்பாட்டுத் திட்டம் இல்லாமல் போனால் தண்ணீர் பாட்டிலுக்குக்கூடப் பர்ஸைத் திறக்க வேண்டியிருக்கும். நன்றாகச் சாப்பிடுகிற இளவட்டங்கள், சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாத ரிசார்ட் கிடைத்த குடும்பம், இவர்களுக்கெல்லாம் அது லாபமாகவே முடியலாம். ஆனால் மாலத்தீவுக்கு வேறு சில சேர்மானங்கள் உண்டு. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. நான்கு பேர் 5 இரவு தங்கினால் அதுவே 240 டாலர். சுற்றுலாச் சேவைகளுக்கான வரி அதே ஆண்டு ஜூலையில் 16-லிருந்து 17 சதவீதம் ஆனது. மாலே விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் படகுக்கோ கடல் விமானத்துக்கோ பெரும்பாலும் தனிக் காசு. இதில் எதற்கும் பாயின்ட் செல்லாது. (தொழில் பழக்கத்தில் ஒன்று: வெளிநாட்டுச் சுற்றுலாவை ஏஜென்ட்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ்., அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அதை ரிட்டர்னில் காட்டி ஈடுகட்டிக்கொள்ளலாம். ரசீதைத் தொலைத்துவிட்டு ஜூலை மாதம் என் கடைக்கு வந்து நிற்காதீர்கள்.)

கட்டுரை எழுதியவர் ஏப்ரல், மே மாதங்களைச் சிபாரிசு செய்திருந்தார். பள்ளி விடுமுறை நேரத்தில் பாயின்ட் அதிகம் கேட்பார்கள் என்பது ஒரு பக்கம். எங்கள் மாவட்டத்துக்காரருக்கு அது தோப்பை விட்டு நகர முடியாத காலம். மே மாதம் மாங்காய் இறங்கத் தொடங்கினால், கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா ரகம் முடிய ஜூலை ஆகிவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில்தான் கை ஓயும். அப்போது கோவாவிலும் மாலத்தீவிலும் தென்மேற்குப் பருவமழை. கோவாவில் அந்த மாதங்களில் கடலில் இறங்கவே விடமாட்டார்கள். பாயின்ட் குறைவாகக் கேட்பதன் காரணமும் அதுதான். கிழக்குக் கடற்கரைக்குப் பெருமழை அக்டோபருக்கு மேல்தான் என்பதால், மாங்காய் முடித்த குடும்பத்துக்கு நான் புதுச்சேரிப் பக்கம் கைகாட்டுகிறேன். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகக் காரிலேயே போய்விடலாம். நம் நாட்டுக் கடற்கரை ரிசார்ட்டுகளில் கட்டாயச் சாப்பாட்டுக் கட்டணம் என்பது பொதுவாகக் கிடையாது. மதியம் வெளியே போய் மீன் சாப்பிட்டுவிட்டு வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

விற்கும் விதத்தைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இருந்திருக்கலாம். பெங்களூர் மாலில் கூப்பன் எழுதிப் போட்டவருக்குப் பரிசு விழுந்ததாகப் போன் வரும், கணவன் மனைவி இருவரும்தான் வர வேண்டும் என்பார்கள், ஹோட்டல் ஹாலில் உட்காரவைத்து இன்று கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு விதிப்படி, டைம்ஷேர் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலேயே விலகிக்கொள்ளலாம். இங்கே டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஏமாந்தவர்களுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இப்படி ஒரு ரிசார்ட்டைப் பற்றி எழுதும்போது, ஆளுக்கு ஓர் இரவுக்குக் கட்டாயக் கட்டணம் எவ்வளவு, அது எந்தத் தேதியின் விலை என்று படத்துக்குக் கீழேயே போடுங்கள். குடும்பத்தோடு போய் வந்த ஒருவரின் பில்லையே வாங்கி அச்சிட முடிந்தால் இன்னும் நல்லது. பெயரை மறைத்துக்கொள்வதாக இருந்தால், கொடுப்பதற்கு எனக்குத் தெரிந்தவர்களே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.